இல்லாத இருக்கைக்குக் கட்டணம், இல்லாத ரயிலுக்கு நேரம்: பிரான்ஸ் பயணத் திட்டம் குறித்த புகார்

அனுப்புநர்:
பயணத் திட்டம் பெற்ற நால்வர் சார்பில்,
சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பிரான்ஸ் பிராந்திய ரயில் பயணத் திட்டத்தில் உள்ள பிழைகளைத் திருத்தவும், தவறாக வசூலித்த கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பாரிஸில் தொடங்கி திஜோன், லியோன், கிளெர்மோன்-ஃபெரான், நீம், அவிஞோன், ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ், நீஸ், தீன் என்று ஊர் ஊராக இறங்கிப் போகும் ஆகஸ்ட் மாதப் பயணத்துக்காகத் தங்கள் பயண நிறுவனம் தயாரித்து அனுப்பிய திட்டம் கிடைத்தது. பிரான்சின் உள்ளூர் ரயில்களை நன்கறிந்தவர்கள் தயாரித்தது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்கியிருக்கிறீர்கள். திட்டத்தை ஒரு தடம் விடாமல் சரிபார்த்தோம். ஊர்ப் பெயரைப் பார்த்து ரயில் போட்டிருக்கிறார்களே தவிர, நிலையத்தின் பெயரையும் ரயிலின் வகையையும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இதை நம்பிப் புறப்பட்டால் குறைந்தது மூன்று இடங்களில் நடுவழியில் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் பணக் கணக்கு. திஜோன்–லியோன், லியோன்–கிளெர்மோன், கிளெர்மோன்–நீம், நீம்–அவிஞோன் ஆகிய நான்கு தடங்களுக்கும் "இருக்கை முன்பதிவுக் கட்டணம்" என்று தலைக்கு 12 யூரோ, நால்வருக்குமாக 192 யூரோ ரசீதில் இருக்கிறது. இந்த நான்கும் டிஇஆர் எனப்படும் பிராந்திய ரயில்கள். இவற்றில் இருக்கை எண் கிடையாது. ஏறி, காலியாக உள்ள இடத்தில் உட்கார வேண்டியதுதான். நார்மண்டியிலிருந்து பாரிஸுக்கு ஓடும் நொமாட் ரயில்களில் இருக்கை எண் உண்டு என்பது உண்மை. ஆனால் இந்தப் பயணம் நார்மண்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இல்லாத முன்பதிவுக்கு வாங்கிய பணம் எங்கே போனது என்று விளக்க வேண்டும்.

அடுத்து, ஐரோப்பிய ரயில்களில் ஏழு நாள் பயணம் செய்ய ஆளுக்கொன்று விற்ற யூரெயில் பாஸ். இந்தப் பயணத்தில் டிஜிவி எனப்படும் அதிவேக ரயில் தேவைப்படும் நாள்கள் மூன்றுதான். மற்ற நாள்களில் எல்லாம் டிஇஆர். டிஇஆர் சீட்டின் விலை பெரும்பாலும் கடைசி நேரத்திலும் ஏறுவதில்லை. அன்று காலை நிலையத்திலேயே வாங்கலாம். முன்கூட்டியே வாங்கினால்தான் மலிவு என்ற விதி டிஜிவிக்கு உரியது. அதே டிஜிவியில் பாஸ் வைத்திருப்பவரும் ஒவ்வொரு முறையும் 10 அல்லது 20 யூரோ கட்டி இருக்கை பதிய வேண்டும். பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகள் தீர்ந்துவிட்டால், வண்டி பாதி காலியாக இருந்தாலும் பதிவு கிடைக்காது. எனவே பாஸா, தனித்தனிச் சீட்டா என்று தடம் தடமாகக் கூட்டிப் பார்த்துச் சொல்வதுதான் திட்டமிடுபவரின் முதல் வேலை. அந்தக் கணக்குத் திட்டத்தில் எங்குமே இல்லை.

போதாக்குறைக்கு, நீஸிலிருந்து பாரிஸ் திரும்பும் ரயிலாக விகோ வண்டியைப் போட்டு, அருகில் "பாஸ் செல்லும்" என்று குறித்திருக்கிறீர்கள். செல்லாது. விகோ, மலிவுச் சீட்டில் ஓடும் அதிவேக ரயில். அதில் யூரெயில் பாஸுக்கு இடமில்லை. முழுச் சீட்டு வாங்க வேண்டும். பெரிய பெட்டிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். அதை முன்பதிவின்போதே கட்டினால் குறைவு, நடைமேடையில் பிடிபட்டால் அதிகம். விகோவுக்குப் பதிலாக வழக்கமான டிஜிவியான இனுயி போட்டாலும் லக்கேஜ் அளவு பார்த்தாக வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஒருவருக்கு 70×90×50 சென்டிமீட்டருக்கு மிகாத இரண்டு பெட்டிகளும் ஒரு கைப்பையும்தான் அனுமதி, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு இருக்க வேண்டும். தங்கள் திட்டத்தில் லக்கேஜ் பற்றி உள்ள ஒரே வரி விமான நிறுவனத்தின் எடை வரம்பு.

நிலையக் குழப்பத்துக்கு வருவோம். அவிஞோனில் இரண்டு நிலையங்கள் உண்டு. அவிஞோன் சென்டர், கோட்டை மதிலுக்கு எதிரே இருப்பது. டிஇஆர்கள் அங்கேதான் வரும். அவிஞோன் டிஜிவி, 2001-இல் அதிவேகப் பாதையோடு ஊருக்கு வெளியே திறந்தது. நீமிலிருந்து டிஇஆரில் சென்டரில் இறங்கி, 12 நிமிடத்தில் ஏக்ஸுக்கான டிஜிவியைப் பிடிக்கச் சொல்கிறது திட்டம். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே 2013 டிசம்பர் முதல் இணைப்பு ரயில் ஓடுகிறது, ஓட்ட நேரமும் ஐந்தாறு நிமிடம்தான். ஆனால் அது நினைத்த நேரத்தில் நிற்கும் நகரப் பேருந்து அல்ல. அதற்கும் கால அட்டவணை உண்டு. டிஜிவியின் கதவுகளோ புறப்பாட்டுக்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும். நடைமேடை மாறி, இணைப்பு ரயிலுக்குக் காத்திருந்து, இறங்கி, பெட்டியைத் தேடி ஏற 12 நிமிடம் எப்படிப் போதும்? நாற்பது நிமிடமாவது விட்டிருக்க வேண்டும்.

சரி, எப்படியோ பிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த டிஜிவி கொண்டுபோய் விடும் ஏக்ஸ் டிஜிவி நிலையம், ஆர்புவா மேட்டில் ஊரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் ரயில் இணைப்பே கிடையாது, பேருந்துதான். திட்டத்திலோ "நிலையத்திலிருந்து விடுதிக்கு நடந்து 6 நிமிடம்" என்று இருக்கிறது. விடுதி ஏக்ஸ் சென்டர் நிலையத்துக்கு அருகில் இருப்பது. நடைநேரத்தை அந்த நிலையத்திலிருந்து கணக்கிட்டு, ரயிலை வேறொரு நிலையத்துக்கு ஓட்டியிருக்கிறார்கள். விடுதி அங்கேதான் என்றால், அவிஞோன் சென்டரிலிருந்து டிஇஆரில் மார்செய் சான்-ஷார்ல், அங்கே மாறி இன்னொரு டிஇஆரில் ஏக்ஸ் சென்டர் என்று போட்டிருக்கலாம். நேரம் கூடுதல்தான். ஆனால் முன்பதிவு வேண்டாம், ஒரு வண்டி போனால் அடுத்ததில் ஏறலாம், பெட்டியோடு மேட்டில் பேருந்துக்கு நிற்கவும் வேண்டாம்.

லியோனிலும் "லியோன் நிலையம்" என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். அங்குள்ள பெரிய நிலையங்களில் எது, பார்-தியூவா, பெராஷா? விடுதி பெராஷ் பக்கம் இருப்பதால், கிளெர்மோன் வண்டி எந்த நிலையத்தில் புறப்படுகிறது என்பது எங்களுக்கு முக்கியம். முதல் நாள் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் பாரிஸின் கார் தெ லியோன் நிலையத்தில் டிஜிவி ஏற வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குடிநுழைவு வரிசை, பெட்டி, ஆர்இஆர் பி எனும் புறநகர் ரயில், ஷாத்லே நிலையத்தில் மாற்றம் எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக விடக் கூடாது.

இந்தப் பயணத்தின் உயிரே கிளெர்மோன்–நீம் தடம்தான். செவெனோல் என்று பேர் பெற்ற அந்த மலைப்பாதை 300 கிலோமீட்டர் நீளம், பயணம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். லாங்ஜாக்கைத் தாண்டியதும் அலியே ஆற்றின் பள்ளத்தாக்கில் சாலையே இல்லாத பகுதிகளின் வழியாகப் போகும். 1000 மீட்டருக்கு மேல் ஏறி, லா பாஸ்தீதைக் கடந்து, அலெஸ் நோக்கி இறங்கும். இதற்குத் திட்டத்தில் செய்திருக்கும் பிழைகளைப் பாருங்கள்.

நாள் ஆகஸ்ட் 15. அது பிரான்ஸ் முழுக்கப் பொது விடுமுறை. பிராந்திய அட்டவணைகளில் "ஞாயிறு, விடுமுறை நாள்கள்" என்று தனிப் பத்தி இருக்கும். வேலை நாள் பத்தியில் உள்ள சில ரயில்கள் அன்று ஓடா. தாங்கள் குறித்திருப்பது வேலை நாள் பத்தியின் நேரம். "தவறினால் அடுத்த மணி நேர வண்டி" என்றும் எழுதியிருக்கிறீர்கள். முழுத் தூரமும் நேராகப் போகும் ரயில்கள் அந்தப் பாதையில் நாளொன்றுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய பயணமே போயிற்று, நீம் விடுதிப் பணமும் சேர்ந்து போகும். "மதிய உணவு: பேன்ட்ரி காரில்" என்ற வரியைப் படித்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டிஇஆரில் பேன்ட்ரி கார் கிடையாது. ரொட்டியும் தண்ணீரும் கிளெர்மோனிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். விடுமுறை நாளில் கடைகளும் மூடியிருக்கும் என்பதால் முந்தைய நாளே வாங்க வேண்டும்.

பாதைப் பராமரிப்பு நடக்கும் வாரங்களில் இத்தகைய ஒற்றைத் தடங்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். அட்டவணையில் ஒரு சின்னப் பேருந்துக் குறி மட்டும் இருக்கும். வண்டி நடைமேடைக்கு வராது, நிலைய வாசலிலிருந்து கிளம்பும். ஊர் போய்ச் சேரலாம், ஆனால் பள்ளத்தாக்கைப் பார்க்க முடியாது. பயண நாளுக்கு அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் "நிபுணர் கட்டணம்".

தீன் போகும் பீன் ரயிலுக்கு நீஸ் வில் நிலையத்தை எழுதியிருக்கிறீர்கள். 151 கிலோமீட்டர் ஓடும் அந்த மீட்டர் கேஜ் ரயில், பிரான்சின் தேசிய ரயில் நிறுவனமான எஸ்என்சிஎஃபின் வண்டியே அல்ல. ப்ரோவான்ஸ் ரயில்வே நடத்துவது. அது புறப்படுவது நீஸ் சேபே நிலையத்தில், நீஸ் வில்லிலிருந்து பத்து நிமிட நடை. தனிச் சீட்டு வேண்டும். தீனிலிருந்து "ரயிலில் மார்செய் வழியாக நீஸ் திரும்புதல்" என்கிறது திட்டம். தீனில் எஸ்என்சிஎஃப் பயணிகள் ரயில் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஷாத்தோ-ஆர்னூ–சான்-ஓபான் வரை பேருந்தில் போனால்தான் மார்செய் வண்டி கிடைக்கும். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டும்.

வேலைநிறுத்தம் பற்றி "எங்கள் பொறுப்பல்ல" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பொறுப்பல்ல என்பதை ஏற்கிறோம், தகவலாவது தந்திருக்கலாம். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர்கள் 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். எந்த வண்டி ஓடும் என்பது முந்தைய நாள் மாலை 5 மணிக்குத் தெரிந்துவிடும். மார்செய்–நீஸ் தடத்தை 2025 ஜூன் 29 முதல் டிரான்ஸ்தேவ் என்ற வேறு நிறுவனம் நடத்துகிறது. எஸ்என்சிஎஃப் வேலைநிறுத்த நாளில் அங்கே நிலவரம் வேறாக இருக்கலாம் என்பதுகூடத் திட்டத்தில் இல்லை. தாமத இழப்பீட்டுப் பக்கத்திலும் பிழை: 30 நிமிடத் தாமதத்துக்குச் சீட்டு விலையில் கால் பங்கு தரும் ஜி30 உறுதி, இனுயிக்கும் அன்டர்சித்தே எனும் நெடுந்தூர ரயில்களுக்கும் மட்டும்தான், டிஇஆருக்குக் கிடையாது.

இன்னொன்றையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள ரயில் பயணிகள் உரிமைக்கான 2021/782 ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 12-ஆம் பிரிவு, தானாகவே பல சீட்டுகளைச் சேர்த்து ஒரே விற்பனையாகக் கொடுத்த விற்பனையாளர், இணைப்பு தவறினால் முழுத் தொகையையும் அதன்மேல் 75 விழுக்காட்டையும் தர வேண்டும் என்கிறது. இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று சீட்டில் அச்சிட்டு, வாங்கும் முன் சொல்லியும் இருந்தால்தான் விலக்கு. தங்கள் ரசீதில் அப்படி எதுவும் இல்லை. 12 நிமிட அவிஞோன் இணைப்பை விற்றவர்கள் இதைப் படித்திருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை: 192 யூரோவையும் திட்டமிடல் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். பயன்படுத்தாத பாஸ்களை அவற்றின் விதிப்படி ரத்து செய்து, பிடித்தம் ஏதும் இருந்தால் தாங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். செல்லாத விகோ ஏற்பாட்டுக்குப் பதிலாக நீஸ்–பாரிஸ் டிஜிவி இனுயி சீட்டுகளை, இன்று விலை ஏறியிருந்தாலும் அந்த வித்தியாசத்தை எங்களிடம் கேட்காமல், பதிந்து தாருங்கள். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை அணுகுவோம். தொலைபேசியில் சமாதானம் சொல்லும் அழைப்புகளைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
பயணக் குழுவினர்

இணைப்பு: பயணத் திட்டத்தின் நகல் (பிழைகள் பக்க ஓரத்தில் குறிக்கப்பட்டவை), கட்டண ரசீதின் நகல், ஆகஸ்ட் 15-க்கான கிளெர்மோன்–நீம் கால அட்டவணையின் அச்சுப்படி.