தனிப் பானையில் வெந்த பாஸ்தா

கொலம்பஸ், ஒஹையோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பெண்ணுக்கு நாள் குறித்தாயிற்று என்று படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தை மாதம் என்றால் எப்படியும் வந்துவிடுவேன்.

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு வருஷமாக இரும்பு மாத்திரை தின்றும் இரத்தசோகை போகவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேனே, கடைசியில் அது சீலியாக் என்ற குடல் நோய் என்றார்கள். முதலில் இரத்தத்தில் பார்த்தார்கள், அப்புறம் வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளி கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். கோதுமை, பார்லி, ரை என்கிற தானியம், மூன்றிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பே என் குடலை அடிக்கிறதாம். குளியல் துண்டில் நூல் நூலாக நிற்குமே, குடலின் உள்சுவர் அப்படி இருக்க வேண்டும். எனக்கு அது தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. அப்புறம் இரும்பு எங்கே ஒட்டும்? இதற்கு மருந்து கிடையாது, குளூட்டனை ஆயுசுக்கும் விட வேண்டும், அவ்வளவுதான். அரிசி தின்று வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா என்றுதான் நானும் நினைத்தேன்.

போன சனிக்கிழமை பேரனுக்கு எட்டு வயது முடிந்தது. இத்தாலியச் சாப்பாடுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற கடை ஒன்றுக்குப் போனோம். உட்கார்ந்ததுமே, கேட்காமலே, பூண்டும் வெண்ணெயும் தடவிய ரொட்டி ஒரு கூடை நிறைய வந்துவிட்டது. நம் ஹாஸ்டல் பக்கத்து பேக்கரியில் நாலு மணிக்கு பன் இறக்கும்போது வருமே, அதே வாசனை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடையை மருமகள் பக்கம் தள்ளினேன்.

எனக்குத் தனி மெனு ஒன்று கொடுத்தார்கள். அதில் 'குளூட்டன் ஃப்ரீ' (குளூட்டன் இல்லாதது) என்று இல்லை, 'குளூட்டன் சென்சிட்டிவ்' (குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு) என்று இருந்தது. பொட்டலத்தின் மேல் 'ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் குறைவாகத்தான் குளூட்டன் இருக்கலாம் என்று இங்கே 2013-இல் விதி கொண்டுவந்தார்கள். நாள் முழுக்க மைதா பறக்கிற சமையலறையில் அப்படி வாக்குக் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்? சமையல்காரர் எழுதிய மெனு இல்லை இது, வக்கீல் எழுதியது.

பாஸ்தா மக்காச்சோள மாவும் அரிசிமாவும் கலந்து செய்தது. அதில் பிரச்சினை இல்லை, தண்ணீரில்தான். இந்த மாதிரிக் கடைகளில் ஒரே அண்டாவில் கொதிக்கிற தண்ணீரில்தான் ஈடு ஈடாகக் கோதுமைப் பாஸ்தாவை வேகவைப்பார்கள். என்னுடையதையும் அதிலேயே முக்கி எடுத்தால் அரிசி என்ன, சோளம் என்ன? உருளைக்கிழங்கு வறுவலும் அப்படித்தான், ரொட்டித்தூளில் புரட்டிய கோழியைப் பொரித்த எண்ணெயிலேயே அதையும் போடுவார்கள். முன்பு வேறொரு இடத்தில் சாலட் மேலிருந்த ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு அதே தட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். தெரியாமல் தின்றுவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன்.

பரிமாற வந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். "அலர்ஜியா, இல்லை சும்மா விருப்பமா?" என்று கேட்டாள். எடை குறைக்க குளூட்டன் இல்லாததைச் சாப்பிடுகிறவர்களும் இங்கே நிறைய, அதனால் கேட்டிருப்பாள். சீலியாக் என்றதும் மேனேஜரைக் கூட்டிவந்தாள். தனிப் பானை, புதுத் தண்ணீர், தனி வடிதட்டு, இருபது நிமிஷம் கூட ஆகும் என்றார் அவர். மகன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பந்தியில் 'இது என்ன, அது என்ன' என்று கேட்டால் அம்மா தொடையில் கிள்ளுவாளே, அப்படி வளர்ந்தவர்கள்தானே நாம். பேரன் மட்டும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாட்டிக்குப் பானையைக் கழுவிட்டீங்களா?" என்றான். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள்.

பாஸ்தா வந்தது. சூட்டோடு சாப்பிட்டபோது நன்றாகவே இருந்தது. ஐந்து நிமிஷம் பேச்சில் விட்டேன், விறைத்துப்போய் முந்தாநாள் சேவை மாதிரி பொடிந்துவிட்டது. பல்லுக்குப் பிடிப்புக் கொடுப்பதே அந்தக் குளூட்டன்தானாம். பாஸ்தாவின் சொந்த ஊரான இத்தாலியில் சீலியாக் நோயாளிகளுக்குக் குளூட்டன் இல்லாத சாப்பாடு வாங்க அரசே மாதாமாதம் பணம் கொடுக்கிறது, நம் ரேஷன் அரிசி மாதிரி. பிறந்தால் அங்கே பிறந்திருக்க வேண்டும்.

இனி கேட்டால் நீ சிரிப்பாய். வீட்டுக்கு வந்து, வயிறு என்ன செய்யுமோ என்று ஒரு ரசம் வைத்தேன். தாளிக்கும்போது தற்செயலாகப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தால், கோதுமை மாவு! ஆறு மாதமாகத் தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஊரான் பானையைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். உன் வீட்டு டப்பாவையும் திருப்பிப் பார், கட்டியோ தூளோ, மைதா அல்லது கோதுமை மாவு கலந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அரிசிமாவு கலந்ததும் கிடைக்கிறது, தேட வேண்டும்.

அதனால் கல்யாணத்தில் எனக்குச் சாம்பாரும் வேண்டாம், ரசமும் வேண்டாம். ஊறுகாயிலும் பெருங்காயம் இருக்கும், அதுவும் வேண்டாம். சோறும் தயிரும், நீயே நறுக்கின மாங்காயில் உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுக் கொடு, போதும். கரண்டி மட்டும் தனியாக இருக்கட்டும்டி.

அன்புடன்,
கமலா