நீ கேட்ட மரம் வீரை

தம்பி,

ஞாயிறு காலை அயல் பிள்ளைகள் பதினாலு பேரைக் குளக்கட்டுக்கு அங்கால் காட்டுக்குள் மரம் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை, அம்மா ஏதும் சொன்னால் நம்பாதே.

முதலில் ஊர்ப்பெயர் கேட்டேன். புளியங்குளம், பனிச்சங்குளம், இலுப்பைக்கடவை என்று சொல்லச் சொல்ல, எல்லாவற்றிலும் மரம் இருக்கு என்று அவர்களே பிடித்துவிட்டார்கள். முதிரை இலையைக் கசக்கி மணக்கக் கொடுத்தேன். கருங்காலியின் கறுப்பு நடுவயிரத்தில்தான், நிற்கிற மரத்தில் தெரியாது என்றேன். பாலை முந்தி ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாய்ப் போனது. தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் உரைத்துக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கிறதையும் சொன்னேன். மல்லாவியில் அம்மா அப்படித்தான் செய்தவ, உனக்கு நினைவிருக்கும்.

நீ அனுப்பின படத்தில் நின்ற வெள்ளைத்தோல் மரம் பேர்ச் தானே? ஒஸ்லோவுக்கு வடக்கே உள்ள காடு என்று எழுதியிருந்தாய். படம் எடுத்தது புதன்கிழமை, பகல் பதினொரு மணி. பனியில் ஒரு சோடிக் காலடிதான் கிடந்தது. தனியாய்க் காட்டுக்குள் நடக்காதே ராசா. அங்கே மூன்று மணி தாண்டவே இருட்டிவிடும் என்று நீதானே சொன்னாய்.

கடைக்காரர் உன்னை விசாரிக்கும்போதெல்லாம், அவன் நோர்வேயில் இஞ்சினியர் என்று நிமிர்ந்துதான் சொல்கிறேன். ஆனால் நாற்பது நாளாய் ஒரு கோல் இல்லை. மருமகளுக்கு அனுப்பின பனாட்டும் ஒடியல் மாவும் கிடைத்ததா என்று இரண்டு தரம் கேட்டேன். அதுக்கும் பதில் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தனியாய் நடக்காதே.

திரும்பும்போது ஒரு சின்னவன் வீரை மரத்தின் அடிக்குழிக்குள் கையை விட்டுக்கொண்டு, “இது என்ன மரம், சேர்?” என்று கேட்டான். எனக்குக் கால் ஓடவில்லை.

96இல் நீயும் அப்படித்தான் கையை விட்டுக்கொண்டு நின்று கேட்டாய். உனக்கு ஏழு வயது. பனையும் வேம்பும் தெரிந்த வாத்திக்கு அந்த மரம் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு அரிசியும் கிடைக்கவில்லை. கையில் இருந்த தடியால் உன் முழங்காலுக்குக் கீழே அடித்தேன். காட்டுக்குள் போகாதே என்று சொல்லியும் போனதற்குத்தான் அடித்தேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். இரவு நீ நித்திரையான பிறகு தழும்பைத் தடவிப் பார்த்தேன், எழுப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை. படிப்பில் கெட்டிக்காரன், தானே தேடிக்கொள்வான் என்று நான் ஊருக்குப் பெருமை பேசினேன். என்னிடம் கேட்கப் பயந்திருக்கிறாய். பிழை என்னுடையது. மன்னித்துக்கொள்.

அது வீரை, ராசா.

பாலைப்பழம் வைகாசி, ஆனியில் விழும். லீவு எடுத்துக்கொண்டு வா. இரண்டு பேராய் வந்தால் சந்தோஷம். தனியாய் வந்தாலும் உன் அறை கூட்டித் துடைத்தபடிதான் கிடக்கு. அம்மா ஒன்றும் கேட்கமாட்டா, சொல்லிவைத்திருக்கிறேன். நானும் கேட்கமாட்டேன்.

இருட்ட முந்தி வீட்டுக்குப் போ.

அப்பா