டாமி ஸ்மித்தின் முழங்கால்களுக்கு யார் பொறுப்பு?

இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்துக்கும் பிரீமியர் லீக்குக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பழைய காலத்து முரட்டுத் தடுப்பாட்டக்காரர்களைத் தொகுத்த காணொளி ஒன்று இந்த வாரமும் என் கண்ணில் பட்டது. ரான் ஹாரிஸ், நார்மன் ஹண்டர், அப்புறம் வழக்கம்போல லிவர்பூல் அணியின் டாமி ஸ்மித். எதிரணிக்காரர் அந்தரத்தில் பறக்கிறார், பார்ப்பவர்கள் சிரித்துத் தள்ளுகிறார்கள். நானும் ரசிப்பவன்தான். ஆனால் அந்த ஆட்டத்தின் கணக்கு இன்னும் தீரவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

ஸ்மித் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லிவர்பூலுக்கு 638 ஆட்டங்கள். "அவன் பிறந்தவன் அல்ல, கல்குவாரியில் வெட்டி எடுத்தவன்" என்று மேலாளர் பில் ஷாங்க்லி சொன்னதாகச் சொல்வார்கள். 1977-ல் ரோம் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் 1-1 என்று நின்றபோது, கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பியவர். இங்கிலாந்து அணியில் அவரை ஆட வைத்தது ஒரே ஓர் ஆட்டம். அதைப் பேச ஆரம்பித்தால் மடல் வேறு பக்கம் போய்விடும்.

நான் நினைவூட்ட விரும்புவது 1996-ஐ. அதற்குள் மூட்டுவாதம் அவரை முடக்கியிருந்தது. நடப்பதே சிரமம் என்பதால் அரசின் உதவித்தொகை பெற்று வந்தார். அந்த ஆண்டு, கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தன்று, ஒரு தொண்டு நிகழ்ச்சிக்காக லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் ஒரு பெனால்டி அடித்தார். ஒரே ஓர் உதை. அதன்பின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. பந்தை உதைக்கிற ஆளுக்கு என்ன ஊனம் என்ற கணக்குதான். பின்னாளில் முழங்கால், இடுப்பு, முழங்கை என்று மூட்டு மூட்டாக மாற்ற வேண்டியிருந்த மனிதர் அவர்.

நிறுத்தியது அரசு, நாங்கள் அல்ல என்பீர்கள். சரி. ஆனால் கோப்பை உங்களுடையது. அந்த மூட்டுகள் தேய்ந்ததும் உங்கள் ஆட்டத்தில்தான். வலியை மறைக்க ஊசி போட்டு ஆட்களைக் களத்தில் இறக்கிய காலம் அது. அந்த மூட்டுகளுக்கு ஆட்டமே பொறுப்பேற்றிருந்தால், ஓர் உதையைக் காரணம் காட்டி அவர் வருமானத்தில் கைவைக்க யாருக்கும் இடம் இருந்திருக்காது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பெரும்பணம் வருவதற்கு முன்பு ஆடிய வீரர்களின் மூட்டுக்கும் மூளைக்கும் ஆயுள் முழுவதும் ஆகும் மருத்துவச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூளை என்று சும்மா சொல்லவில்லை. ஸ்மித் 2019-ல் இறந்தபோது மறதிநோயும் அவரைப் பிடித்திருந்தது. 1966-ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடிய இங்கிலாந்தின் பதினொருவரில் ஐந்து பேருக்கு அதே நோய். ஜாக் சார்ல்டன் உட்பட. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட முடிவுகளில், தடுப்பாட்டக்காரர்களுக்கு இத்தகைய நோய் வரும் வாய்ப்பு மற்ற மக்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. பந்தைத் தலையால் முட்டும் வேலை அரிதாக உள்ள கோல்கீப்பர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததில் கால்பந்துச் சங்கமும் உண்டு. அறிக்கையைப் படித்தும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பயிற்சியில் பந்தைத் தலையால் பலமாக முட்டுவது வாரத்துக்குப் பத்து முறை போதும் என்று அதே ஆண்டு வழிகாட்டுதல் தந்தீர்கள். நல்லது, இன்றைய பையன்களுக்கு. நேற்று ஆடியவர்களுக்கு?

2023-ல் பிரீமியர் லீக்கும் வீரர்களின் சங்கமும் சேர்ந்து மறதிநோய்க்கு ஒரு நிதி தொடங்கின. ஆரம்பத் தொகை 10 லட்சம் பவுண்டு. அதே ஆண்டு டிசம்பரில் நான்கு பருவங்களுக்கான பிரீமியர் லீக் ஆட்டங்களின் உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை 670 கோடி பவுண்டுக்குப் போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. எழுபதுகளின் சட்டைகளை மறுபடி தைத்து விற்பதில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை. அதைப் போட்டு ஆடியவருக்கு மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

விண்ணப்பித்தால் உதவி கிடைக்குமே என்பீர்கள். மனைவி பெயரே மறந்துபோனவர் எந்தப் படிவத்தை நிரப்புவார்? நீங்கள்தான் அவர்கள் வீட்டைத் தேடிப் போக வேண்டும். எந்த ஆண்டு யார் எந்த அணிக்கு ஆடினார் என்ற பதிவெல்லாம் இருக்கத்தானே செய்கிறது?

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் முன்னே போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை மாறவில்லை: மூட்டுக்கும் மூளைக்கும் ஆயுள் முழுவதும் மருத்துவம், செலவு ஆட்டத்தினுடையது. அடுத்த பருவம் தொடங்கும் முன் இதை அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய லிவர்பூல் ரசிகன்