என் கைத்தொழிலுக்குக் கடதாசி கிடைக்க உதவியவர்களுக்கு

திருகோணமலை உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

போன கிழமை எனக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைத்தது. பிறிட்ஜ், ஏசி திருத்தும் தொழிலில் மட்டம் 4. 18 வருசமாகச் செய்கிற வேலைக்கு இப்போதுதான் ஒரு கடதாசி. அதற்குப் பின்னால் நின்றவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும்.

2006 இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்தபோது எனக்கு 19 வயது. உயர்தரம் பாதியில் நின்றது. பிறகு டவுனில் ஒரு திருத்தகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் பழகினேன். இரண்டு வருசத்துக்கு முன் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பராமரிப்புக்கு ஆள் தேவை என்றார்கள். ஓடாமல் கிடந்த ஏசியை அரை மணித்தியாலத்தில் ஓட வைத்தேன். முகாமையாளர் சந்தோசப்பட்டார், பிறகு சான்றிதழ் கேட்டார். இல்லை என்றதும், தேவைப்பட்டால் நாள்கூலிக்குக் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வழி காட்டியவர் எங்கள் கிராம உத்தியோகத்தர் அம்மா. வகுப்பிலிருந்து படிக்காதவர்களும், செய்துவந்த வேலையை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டித் தகைமை பெறலாம். அதற்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர் என்று அவர்தான் விளக்கினார். பிரதேச செயலகத்திலிருந்த தம்பி விண்ணப்பத்தை வரி வரியாக வாசித்துக் காட்டி நிரப்ப வைத்தார். இரண்டு பேருக்கும் என் நன்றி.

மதிப்பீட்டுக்கு என்னைத் தயார்படுத்திய மாஸ்டருக்கு என்ன சொல்வது! ஓய்வுபெற்ற மனிதர், ஒரு சதமும் வாங்காமல் பத்து ஞாயிறுகள் எனக்காக ஒதுக்கினார். முதல் நாளே செம்புக் குழாயை வெட்டச் சொன்னார். வெட்டினேன். விளிம்பில் விரலை வைத்துத் தடவிவிட்டு, "பிசிறு இருக்குது தம்பி, இதிலயிருந்துதான் கேஸ் கசியும்" என்றார். பிசிறு எடுத்து, முனையை விரித்து, நைதரசன் அடித்து, சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய ஏசியிலுள்ள ஆர்22 என்ற குளிரூட்டும் கேஸை வெளியே திறந்துவிடுவதே என் பழக்கம். அது ஓசோன் படலத்தை அரிக்கும், சிலிண்டரில் மீட்டெடுக்க வேண்டும் என்று அவரிடம்தான் படித்தேன். புது பிறிட்ஜ்களில் வருகிற ஆர்600ஏ தீப்பற்றும் கேஸ் என்பதும் எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருசம் என்ன ஆபத்தில் பற்றவைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது. கடதாசியை விட இந்தப் படிப்பே பெரிது.

குழாயிலுள்ள காற்றை இழுத்தெடுக்கும் வெற்றிடப் பம்பும், கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட்டும் தந்தவர் கிண்ணியா நானா. தன் வேலையை நிறுத்திவிட்டு, அவற்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலம் கடந்து வருவார். 2009 இல் பாலம் திறக்கும்வரை, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் பாதைப் படகுக்குக் காத்துக்கிடந்த கடவை அது. வாடகை கேட்டதே இல்லை. அந்தப் பத்து ஞாயிறும் என் உழைப்பு இல்லாமல் வீட்டைக் கொண்டுபோன மனைவிக்கும் இங்கேயே நன்றி.

இதை வாசிக்கிற அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். துறைமுகமும் மா ஆலையும் சீமெந்து ஆலையும் ஹோட்டல்களும் உள்ள பட்டினத்தில், எங்கள் பொடியன்கள் வேலை தேடிக் கட்டாருக்குப் போகிறார்கள். தொழிற்பயிற்சிக்கான பகல் வகுப்புக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். ஈச்சிலம்பற்றிலிருந்து வருகிற பிள்ளைக்கு பஸ் காசும் வேண்டும். பின்னேர வகுப்பும் போக்குவரத்துக் கொடுப்பனவும் இருந்தால் எத்தனையோ பேர் வருவார்கள். எனக்குக் கிடைத்ததுபோல் ஒரு மாஸ்டர் எல்லோருக்கும் வாய்க்கமாட்டார்.

வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாத தம்பி, தங்கைகள் யாரும் இருந்தால், செய்த வேலைகளின் படங்களையும் வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் இப்போதே சேர்த்து வையுங்கள். விண்ணப்பம் நிரப்ப நான் உதவுகிறேன். ஞாயிறு காலை 10 மணிக்குப் பிறகு கடையில்தான் இருப்பேன்.