வக்கீல் ஃபீஸும் உங்கள் ஒரு வரிப் பதிலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சட்டக் கேள்வி-பதில் பகுதியில், விவாகரத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். "அது வழக்கைப் பொறுத்தது. நல்ல வழக்கறிஞராகப் பார்த்து மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்" என்று பதில் முடிந்துவிட்டது. அதற்குக் கீழேயே உயில் எழுதுவது பற்றி அரைப் பக்கம். அந்தச் சகோதரி யாரோ எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை எழுதி அனுப்ப அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்பது தெரியும். அதனால்தான் மனசு ஆறவில்லை.

நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிற குடும்பம். மகளை ஏற்காட்டில் கட்டிக்கொடுத்தோம். அது நிலைக்கவில்லை, காரணங்கள் இங்கே வேண்டாம். சொந்தக்காரர் ஒருவர் கைகாட்டிய வக்கீலிடம் போனோம். ஃபீஸ் எவ்வளவு என்று என் கணவர் முதல் நாளே கேட்டார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல வக்காலத்துல கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார். அப்புறம் மனுவுக்கு ஒரு தொகை, டைப்பிங்குக்கு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்க்கும் பேட்டாவுக்கு, குமாஸ்தாவுக்கு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்று போய்க்கொண்டே இருந்தது. எதற்கும் ரசீது கிடையாது. என் மகள் எஸ்டேட் ஆபீஸில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வருவாள். அடுத்த வாய்தா தேதியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவாள். அந்தச் சம்பளத்தை யார் கணக்கில் எழுதுவது?

உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்களும் கூலிக்காரர்கள்தான். வெள்ளியை எடை போட்டு வாங்குகிறோம், கொலுசாக்கி எடை போட்டுக் கொடுக்கிறோம், சேதாரம் இவ்வளவு, கிலோவுக்குக் கூலி இவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அந்த நோட்டு இல்லாமல் எங்கள் தெருவில் யாரும் வேலையைத் தொடமாட்டார்கள். படித்தவர்களிடம் போன இடத்தில்தான் அப்படி ஒரு நோட்டு இல்லை. இதுவரை கொடுத்ததை ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று நான் கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லைன்னா வேற வக்கீலப் பாத்துக்கங்கம்மா" என்றார். கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்று, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதியே இருக்கிறது. உங்கள் பகுதியில் பதில் எழுதுகிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவும் அவருக்குத் தெரிந்திருக்கும். போதிய வருமானம் இல்லாத மனைவியோ கணவனோ, இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் கூடியவரை அதை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. செலவைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதானே? எங்களுக்கு அதை வெகு காலம் கழித்துச் சொன்னார்கள். அந்த மனுவுக்கும் தனி ஃபீஸ்.

பிறகு சமரசப் பேச்சில் மொத்தமாக ஒரு தொகை என்று வந்தபோது, அதில் தனக்கு ஒரு பங்கு வேண்டும் என்றார் அந்த வக்கீல். என் மகளின் பிழைப்புக்கான பணம் ஐயா அது. ஜெயித்து வருவதில் பங்கு கேட்பதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. உச்ச நீதிமன்றமும் 2017-இல் அதைக் கண்டித்திருக்கிறது. மறுத்தோம். கேஸ் கட்டைத் தர முடியாது, பாக்கியைக் கட்டுங்கள் என்றார். ஃபீஸ் பாக்கிக்காக வக்கீல் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இதைச் சொன்னவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பெண் வக்கீல். அந்த அலுவலகம், நாங்கள் வாய்தாவுக்கு வாய்தா போய் நின்ற அதே அஸ்தம்பட்டி வளாகத்தில்தான் இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அது. கோர்ட் கட்டணமும் அவர்கள் பொறுப்பு. கட்சிக்காரரிடம் அந்த வக்கீல் பணம் வாங்கக் கூடாது. இந்த ஒரு செய்தி முன்பே கண்ணில் பட்டிருந்தால் என் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருக்காது.

நடந்ததற்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பார்த்தால், வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024-இல் தீர்ப்பாகிவிட்டது. மாநில பார் கவுன்சிலில்தான் புகார் தர வேண்டும். அதற்கும் அலைந்து என் மகள் இன்னும் எவ்வளவு சம்பளத்தை இழப்பாள்?

ஐயா, பல வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். தை பிறந்தால் கல்யாணச் சிறப்பிதழ் போடுகிறீர்கள், பக்கத்துக்குப் பக்கம் நகைக்கடை விளம்பரம். மண்டபம், சமையல், முகூர்த்தப் புடவை எல்லாவற்றுக்கும் பட்ஜெட் போட்டுத் தருகிறீர்கள். அந்தக் கல்யாணம் முறிந்தால் ஆகிற செலவுக்கு உங்களிடம் ஒரு வரிதான் இருக்கிறதா? இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை என்று ஒரு கட்டுரை வந்தபோதும் எழுதினேன். அந்தக் கடிதத்தை நீங்கள் போடவில்லை. அந்தக் கட்டுரையை என் மகளும் படித்தாள். அன்று முழுக்க அவள் யாரிடமும் பேசவில்லை.

இதையும் போடாவிட்டால் போகட்டும். சட்டக் கேள்வி-பதில் பகுதியின் அடியில், சட்ட உதவிக்கான இலவச எண் 15100 என்பதையும், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது என்பதையும் ஒவ்வொரு இதழிலும் அச்சிடுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.