முரளிக்கு, கார்டு விஷயமாக

அன்பு முரளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே பெரியவள் வேலைக்குச் சேர்ந்து வெளியூர் போனாள்; மூட்டை கட்டுவதும் வழியனுப்புவதுமாக நாள் ஓடிவிட்டது. அவள் மேசை இப்போது என் வசம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கடிதம் முழுக்க கிராபிக்ஸ் கார்டு!

நீ அனுப்பிய அட்டவணையை இரண்டு தடவை படித்தேன். எதை வாங்குவது என்று கேட்டு, என்விடியாவின் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 ஒரு பக்கம், அடுத்த தலைமுறை 4060 மறுபக்கம், வரிக்கு ஒரு டிக், கடைசியில் மொத்த மதிப்பெண் வேறு. ஓய்வு பெற்றும் வாத்தியார் புத்தி போகவில்லை. ஆனால் இந்தக் கேள்வித்தாளில் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பெண் கிடையாது. சிலவற்றுக்குப் பூஜ்யம்தான்.

முதலில் கோர் எண்ணிக்கை, அதாவது கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள். 3060-ல் 3584, 4060-ல் 3072, ஆகவே பழையதற்கு ஒரு டிக் என்று போட்டிருக்கிறாய். அதை அடித்துவிடு. கோர் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதே தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. 2018-ல் வந்த 2080 டிஐ-யில் 4352 கோர், 2020-ல் வந்த 3070-ல் 5888. காகிதக் கணக்கில் ஒன்று சுமார் 13 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 13 லட்சம் கோடி தசமக் கணக்கு), மற்றது 20. விளையாட்டை ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம்! அதுவரை முழு எண் கணக்கு மட்டும் போட்டுவந்த பகுதியைத் தசமக் கணக்கும் போடவைத்து, அதையும் கோரில் சேர்த்து எண்ணினார்கள். முழு எண் வேலை வந்தால் அது பழைய வேலைக்கே திரும்பிவிடும். அப்புறம் எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம்? போட்டி நிறுவனமான ஏஎம்டி-யின் கார்டு எண்ணிக்கையை இதோடு ஒப்பிடுவது இன்னும் வீண். ஒரே தலைமுறைக்குள், ஒரே குடும்பத்துக்குள் மட்டும் அந்த எண்ணைப் பார்.

மெமரி வேகத்தில் நீ போட்ட கணக்கு சரி. 3060-க்கு 192 பிட் பஸ், அதாவது சிப்பிலிருந்து மெமரிக்கு 192 கம்பி, ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 15 கிகாபிட், எட்டால் வகுத்தால் நொடிக்கு 360 ஜிபி. 4060-க்கு 128 பிட், 17 கிகாபிட், 272 ஜிபி. பழையதுதான் அகலம். ஆனால் உன் அட்டவணையில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. 3060-ல் எல்2 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி, 3 எம்பி, 4060-ல் 24 எம்பி. தேடியது கேஷிலேயே கிடைத்தால் மெமரி வரை நடக்க வேண்டியதில்லை. அதனால் சாதாரண 1080பி திரையில் பாதை குறுகியது அவ்வளவாகத் தெரியாது. ரெசல்யூஷன் ஏற ஏறக் கேஷ் கொள்ளாது, அப்போது தெரியும்.

நம் விடுதி அறைக் கணினி நினைவிருக்கிறதா? நாலு பேர் காசு போட்டு, பெட்டியில் 32 எம்பி என்று போட்டிருந்ததைப் பார்த்துக் கார்டு வாங்கினோம். பக்கத்து அறைக்காரன் 16 எம்பி கார்டில் வழுக்கிக்கொண்டு ஓடினான். நம்முடையதற்குப் பஸ் பாதி அகலம் என்று ஒரு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அதிலிருந்து எனக்கு மெமரி அளவைக் கண்டாலே சந்தேகம்.

அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், உன் விஷயத்தில் மெமரி அளவுதான் முக்கியம். நீ செய்யப்போவது பிளெண்டரில் முப்பரிமாணப் படம். காட்சி முழுவதும் கார்டின் மெமரிக்குள் அடங்கினால் 4060 வேகமாகவே ரெண்டர் செய்யும், அதாவது காட்சியைப் படமாக வரைந்து முடிக்கும். அந்தப் படகுத்துறைக் காட்சியில் மரத்துக்கு மரம் பெரிய டெக்ஸ்சர் (மேலே போர்த்தும் படம்) போடுகிறேன் என்கிறாயே, அது 4060-ன் 8 ஜிபி-யைத் தாண்டினால்? கணினியின் சாதாரண மெமரியில் இடம் தேடும், வேகம் தரைக்கு வந்துவிடும். சில சமயம் மெமரி போதவில்லை என்று நின்றேவிடும். அப்போது 12 ஜிபி வைத்திருக்கும் 3060 மெதுவாகவாவது முடித்துவிடும்.

இன்னொன்று. உன் மதர்போர்டு 2017-ல் வாங்கியது, அதாவது கார்டைச் செருகும் பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. அதன் பதினாறு லேனையும் (தடத்தையும்) 3060 பயன்படுத்தும், 4060 எட்டு லேன்தான். புதிய போர்டில் எட்டு லேனே போதும். உன்னுடையதில் அந்த எட்டு லேன் வழியே நொடிக்குச் சுமார் 8 ஜிபி-தான் போக முடியும். மெமரி நிரம்பி வழிகிற அதே நேரத்தில் வாசலும் குறுகலாக இருக்கும்.

பையனுக்கு விளையாட மட்டும் என்றால் யோசிக்காமல் 4060 என்பேன். 3060 குடிக்கும் 170 வாட் எங்கே, 4060-ன் 115 வாட் எங்கே! அவன் காட்டிய வரைபடத்தில் 4060-ன் கோடு இரண்டு மடங்கு நீளம் என்றாயே, அடியில் ஃபிரேம் ஜெனரேஷன் என்று சின்ன எழுத்தில் இருக்கும், பார். நிஜமாக வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஊகித்து ஒன்றைச் செருகுவது அது. பார்க்க வழவழப்பாக இருக்கும். பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி குறையாது. அதை நீக்கிவிட்டு அளந்த ஒப்பீட்டைப் பார்க்கச் சொல். அதிலும் சராசரி எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற எண், போதாது. முதல் அரை நொடியில் 59 படம், மீதி அரை நொடி முழுக்க ஒரே படம் என்றாலும் சராசரி 60-தான், ஆனால் ஆடுகிறவன் மவுஸைத் தூக்கி எறிவான். ஒரு சதவீத லோ என்று ஒரு எண் கொடுப்பார்கள். மோசமான தருணங்கள் எவ்வளவு மோசம் என்று அது காட்டும்.

3060 என்று முடிவு செய்தால் பெட்டியில் 12 ஜிபி என்று இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அதற்கு 128 பிட் பஸ், நொடிக்கு 240 ஜிபி. உன் அட்டவணையே செல்லாது. லேப்டாப் எண்களையும் கலந்துவிடாதே. மேசைக் கணினி 4090-ல் 16384 கோர், லேப்டாப் 4090-ல் 9728. பெயர் ஒன்று, ஆள் வேறு.

கடைசியாக, ஒரு ஸ்கேலை எடுத்துக் கேபினெட்டின் உள்ளே அளந்து எழுது. போன தடவை எல்லாக் கணக்கும் போட்டு வாங்கிய கார்டு, ஹார்டு டிஸ்க் கூண்டில் இரண்டு சென்டிமீட்டர் இடித்தது. பேசாமல் கூண்டைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கை அடியில் டேப் போட்டு ஒட்டினேன். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, இவளுக்குத் தெரியாது. பவர் சப்ளையில் கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் கனெக்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

படகுத்துறை ரெண்டர் ஆனதும் முதல் படம் எனக்கு வரவேண்டும், தண்ணீர் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
சேகர்