போயா காலையில் ஒரு மரபு நடை

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் பொதுசன நூலகத்துக்கும் யாரும் ஆள் சேர்க்கத் தேவையில்லை. வருகிறவர்கள் தாமாகவே தேடிப்போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சீட்டு வாங்காமலே பார்க்கக்கூடிய இடங்கள் நல்லூர் தொடக்கம் கீரிமலை வரை எத்தனையோ கிடக்கின்றன. அங்கெல்லாம் நின்று விளக்கம் சொல்லத்தான் ஆளில்லை. மாதத்தில் ஒரு நாள், முழுநிலா விடுமுறையான போயா தினக் காலையில், இலவச மரபு நடை ஒன்றை மாநகர சபையும் பிரதேச சபைகளும் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்த வேண்டும்.

ஏன் போயா? சனிக்கிழமை என்றால் பிள்ளைகளுக்கு ரியூசன். ஞாயிறு என்றால் அறநெறி வகுப்பு, பூசைப்பலி. போயா எல்லா நாட்காட்டியிலும் குறித்திருக்கும் விடுமுறை. தனியாக நாள் பார்க்கத் தேவையில்லை. அன்று அலுவலகங்கள் பூட்டு என்பதால் நூதனசாலை போன்ற இடங்களின் திறப்புப் பொறுப்பை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். திறப்பு வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்று கூட்டத்தை வாசலில் நிறுத்திவைத்தால் அடுத்த மாதம் ஒருவரும் வரமாட்டார்கள்.

முதல் நடை நல்லூரில் தொடங்கட்டும். முத்திரைச் சந்தியில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் சிலையடியில் காலை 6.30க்குக் கூடினால் வெயில் ஏறுமுன் 8.30 அளவில் முடித்துவிடலாம். பழைய கந்தசுவாமி கோயில் இருந்த இடமாகக் கருதப்படும் புனித யாக்கோபு தேவாலயம், சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, சட்டநாதர் கோயில், யமுனா ஏரி எல்லாம் நடை தூரத்திலேயே இருக்கின்றன. யமுனா ஏரியின் ஒரு கரையில் மட்டும் நின்று பார்த்தால் சாதாரணக் குளமாகத்தான் தெரியும். கரையோடு சுற்றி நடந்தால்தான் அது பகர வடிவில் வெட்டப்பட்டது என்பது பிடிபடும். கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாயநாதர் என்று நாலு கோயில்களையும் ஒரு தாளில் கீறிக் கையில் கொடுத்தால், யாழ்ப்பாண அரசின் இராசதானி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

விளக்கம் சொல்பவர்கள் ஒரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். நல்லூரில் பழசாகத் தெரிவதெல்லாம் சங்கிலியன் கட்டியதல்ல. போர்த்துக்கேயர் 1619இல் அரசைக் கைப்பற்றி, பின் தலைநகரையும் யாழ்ப்பாண நகருக்கு மாற்றிக்கொண்டார்கள். இன்றைய கந்தசுவாமி கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல் எழுந்தது. வளைவிலும் மந்திரிமனையிலும் ஐரோப்பியப் பாணியின் சாயல் வெளிப்படையாகவே தெரிகிறது. அரசர் காலத்து இடம், பிற்காலத்துக் கட்டடம் என்று இரண்டையும் பிரித்துச் சொன்னால் அந்த இடத்தின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. கூட்டிச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்கிற மாணவன் முன்னால் முழிப்பதுதான் வெட்கம்.

பழைய சுவர்களைக் கிட்டப் போய்ப் பார்க்கவும் பழக்க வேண்டும். முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் அதை வெளியே விடும். நல்லெண்ணத்தோடு யாரோ அதன்மேல் சீமெந்து பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபடுகிறது. உப்புப் பூத்து, உள்ளே சுண்ணாம்பு மாவாகிக் கொட்டுகிறது. வெளியில் சீமெந்துப் பூச்சு மட்டும் தகடாக நிற்கும். விரலால் தட்டினால் பொள்ளென்று கேட்கும். அடுத்த மாரிக்கு அது கல்லையும் இழுத்துக்கொண்டு விழும். ஆகவே இடிபாட்டுச் சுவரில் சாயக்கூடாது, பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்கக்கூடாது. மழை விட்ட கையோடு புல் மண்டிய பக்கம் போகவும் கூடாது, பாம்பு இருக்கும்.

இரண்டாவது நடைக்குக் காங்கேசன்துறைப் புகையிரதம் உதவும். சுன்னாகத்தில் இறங்கினால் கந்தரோடை ஓட்டோவில் சிறிது நேரம்தான். அங்கே கூட்டமாக நிற்கும் சிறு தூபிகளை வெளியுலகுக்கு அறியத் தந்தவர் 1917 அளவில் அகழ்ந்த போல் பீரிஸ். இன்று காண்கிற குவிமாடங்களில் மேற்பகுதி பெரும்பாலும் பின்னாளில் மீளக் கட்டியது, அடித்தளந்தான் பழசு. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது தூபிகளுக்கு முந்திய குடியிருப்பின் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தன. அறிவிப்புப் பலகையில் இதற்கெல்லாம் இடம் கிடைப்பதில்லை. அதனாலேயே வாயால் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அங்கிருந்து மாவிட்டபுரம் வழியாகக் கீரிமலை. அலை அடிக்கும் கரையோரக் கேணியில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்காதவர் இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி நிலத்தடியில் ஓடி, கரையோரம் ஊற்றாக வெளிப்படுகிறது. நிலாவரைக் கிணற்றிலும் அதே பாறைதான்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நன்னீர் பாரம் குறைந்ததால் மேலே மிதக்கிறது. அளவு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறும். வலிகாமத்துத் தோட்டக்கிணறுகளுக்கு நேரக்கூடியதும் இதுதான் என்று அந்த இடத்திலேயே சொன்னால் பாடப்புத்தகம் தேவைப்படாது. நிலாவரையில் ஒருவரையும் இறங்க விடக்கூடாது. கீரிமலையில் குளிக்க விரும்புவோருக்கு நடை முடிந்த பின் நேரம் கொடுக்கலாம். 

வாசலே இல்லாத மரபும் உண்டு. பருத்தித்துறையில் வீதிக்கு மேலே கூரை போட்டு இரு பக்கமும் திண்ணை வைத்த தெருமூடி மடம் இன்னும் நிற்கிறது. ஆனால் சுமைதாங்கியையும் ஆவுரோஞ்சிக் கல்லையும் எத்தனை பேர் அடையாளம் காண்பார்கள்? நட்ட இரண்டு கல்லின்மேல் தோள் உயரத்தில் ஒரு கல் கிடத்தியிருந்தால் அது தலைச்சுமை இறக்கி ஆறிப்போக வைத்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றைக் கல் நட்டிருந்தால் அது மாடு உடம்பு உரோஞ்ச. வீதி அகலிக்கும்போது முதலில் பிடுங்கப்படுவது இவைதான். எல்லைக்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். நடைக்கு வருகிற பிள்ளைகள் தத்தம் ஊரில் இருப்பவற்றைப் படமெடுத்து, இடத்தையும் குறித்து, கிராம அலுவலரிடம் கொடுக்கட்டும். செலவில்லாத வேலை.

நடத்துவோருக்குச் சில. ஒரு விளக்குநருக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம், பின்வரிசைக்குக் கேட்காது. ஒலிபெருக்கி கோயில் பூசைக்கும் அயலுக்கும் இடைஞ்சல். போத்தல் தண்ணீர் கட்டுக்கட்டாகக் கொண்டுவராமல் திருவிழாத் தண்ணீர்ப்பந்தல் மாதிரி ஒரு இடத்தில் குடமும் குவளையும் வையுங்கள். மலசலகூடத்துக்கு அருகிலுள்ள பாடசாலையை முதலே கேட்டு வையுங்கள். வயதானவர்களும் பெண்களும் பாதியில் திரும்பிப் போவது இதனால்தான். கோயிலுக்குள் போவதென்றால் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டியிருக்கும் என்று அறிவித்தலிலேயே சொல்லுங்கள். இன்னொன்று: மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். பிரதம விருந்தினர் வந்து சேரும்போது சூரியன் உச்சிக்கு வந்துவிடும்.

நாட்களைப் பொறுத்தவரை, உலக மரபிட தினமான ஏப்ரல் 18 புத்தாண்டு முடிந்த கையோடு வருகிறது, வெக்கையும் கடுமை. சர்வதேச நூதனசாலை தினம் மே 18. அன்று முள்ளிவாய்க்கால் நினைவு நாள் என்பதால் இங்கே நடத்த முடியாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. ஆகவே தைப் போயாவில் தொடங்கி, இந்த இடைவெளிகளை விட்டு, புரட்டாதியோடு அந்த ஆண்டை முடிக்கலாம். நெடுந்தீவை இதில் சேர்க்க வேண்டாம். குறிகட்டுவானில் படகு பிடித்துப் போய்வர ஒரு முழுநாள் போகும். சோழகக் காற்றுக் கிளம்பினால் கடலும் நம் சொல் கேளாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். முகநூலில் மட்டும் போடுகிற அறிவித்தல் அடுத்த நாள்தான் பலர் கண்ணில் படுகிறது. எந்தச் சபையோ பாடசாலையோ இலவச நடை ஒன்றை அறிவித்தால், கூடும் இடம், நேரம், முடியும் நேரம், எந்தப் பஸ் என்ற நாலு வரியை இரண்டு நாள் முன்னதாகத் தங்கள் நிகழ்வுகள் பத்தியில் கட்டணமின்றிப் பிரசுரித்து உதவுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நல்லூர்.